கிழக்கே போகக் கூடாத சனிக்கிழமை

1

காஞ்சிபுரத்துக்கு நான் போய் இறங்கும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "ஃப்ளைட்ல எவ்ளோ நேரம்மா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்பதுகூட அதற்குப் பிறகுதான் வரும். பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதை நான் மெல்லத்தான் கண்டுகொண்டேன்.

விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் சொன்னால், "அவ்ளோதானா? அப்ப வருசா வருசம் வர்றதுக்கு என்னா?" என்பார்கள். இங்கே வீட்டைப் பூட்டியது முதல் பிள்ளையார்பாளையத்தில் அம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது வரை கூட்டிச் சொன்னால், "அடேங்கப்பா, அவ்ளோ தூரத்துல போயி என்னாத்துக்கும்மா கெடக்குற?" என்பார்கள். ஆகவே இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். வரவில்லையே என்று கோபித்துக்கொள்பவர்களுக்கு நீண்ட கணக்கு. ஐயோ பாவம் என்பவர்களுக்குக் குறுகிய கணக்கு. இரண்டும் உண்மைதான்.

நான் இருப்பது வின்னிபெக்கில். கனடாவின் படத்தை விரித்து நடுவில் விரலை வைத்தால் ஏறக்குறைய எங்கள் வீட்டில் படும். ஒரு மருத்துவமனையின் சரக்கறையில் கணக்குப் பார்க்கிறேன். சென்னை விமான நிலையத்துக்கும் வின்னிபெக் விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் ஏறத்தாழப் பதிமூவாயிரம் கிலோமீட்டர். அந்த வழியில் எந்த விமானமும் பறப்பதில்லை. பூமி உருண்டையில் இரண்டு ஊரும் ஏறக்குறைய எதிரெதிர்க் கோடுகளில் இருப்பதால், கிழக்கே புறப்பட்டாலும் ஊருக்குப் போகலாம், மேற்கே புறப்பட்டாலும் போகலாம். எப்படிப் போனாலும் இரண்டு மூன்று விமானங்கள் மாற வேண்டும். இங்கே குளிர்காலத்தில் கடிகாரம் ஊரைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். நான் காலையில் பல் துலக்கும்போது அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள்.

இந்தத் திசை விவரத்தை நான் வெறும் விவரமாகத்தான் வைத்திருந்தேன். சென்ற தை மாதம் அது எங்கள் குடும்பப் பிரச்சினையானது.

2

என் தம்பி சிவாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. சொந்தத் தறி, நல்ல வேலைக்காரன், வெற்றிலைகூடப் போடுவதில்லை. இருபது வருடமாக ஜாதகங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. கடைசியில் பெண் ஜாதகத்தின் வழியாக வரவில்லை, அரிசியின் வழியாக வந்தாள். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதும் தேன்மொழி. மில் விலைக்கு அரிசி வாங்கப் போன சிவா, அவள் கையால் ரசீது வாங்குவதற்காகத் திரும்பத் திரும்ப அரிசி வாங்கினான். வீட்டில் மூட்டை அடுக்க இடமில்லாமல் போன பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ, அதாவது பெண்ணுக்கு நாத்தனாராகப் போகிறவள், போட வேண்டும். சிவாவுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்த இடத்தில் கோமதி இருக்கிறாள். சித்தப்பா மகள், என் வயது, செவிலிமேட்டில் வீடு. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் டவுன் பஸ் ஏறி வந்து நிற்பவள் அவள்தான். அப்பா இறந்தபோது நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். மகள் செய்ய வேண்டியவை அத்தனையையும் கோமதி செய்து முடித்திருந்தாள். அதில் எனக்கு மனக்குறை இல்லை என்று எழுதத்தான் ஆசை.

சிவா போனில் நேரடியாகவே பேசினான்.

"அக்கா, நீ வந்தா நீ. வரலன்னா கோமதி. எதுன்னு இப்பவே சொல்லிடு. அவ ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும்றா."

"நான் வரேன்டா."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. கோமதி பேசினாள்.

"மல்லிகா, தப்பா நெனச்சிக்காத. திங்கக்கிழமை ஒம்போதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம். பொணத்தன்னா ஐஸ் பெட்டியில வெச்சுக்கூட நிறுத்தலாம். முகூர்த்தத்த நிறுத்த முடியாதுமா."

அப்பாவை அப்படி நிறுத்தி வைக்கவில்லையே என்று நான் கேட்கவில்லை. "நீயும் ஜாக்கெட் தைச்சுக்கோ, வீணாப் போகாது" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கே தேன்மொழி அழைத்தாள். நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நிச்சயமானதிலிருந்து, மில்லுக்குப் போகும் முன்பு அவள் என்னை அழைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டிருந்தது. பெரும்பாலும் சிவாவைப் பற்றிய புகார்கள்தான், இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பதை மறந்து. அன்று மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அண்ணி, உங்க அப்பாவுக்கு நீங்க வந்து சேரலன்னு அவரு சொன்னாரு. எனக்கு வந்து சேருங்க."

நான் தூரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணி. மில்லுல இருக்கறவ, எனக்கு எடையும் தெரியும் தூரமும் தெரியும். வந்து சேருங்க."

3

எங்கள் மருத்துவமனையில் விடுப்பு விதிகள் தெளிவானவை. நெருங்கிய உறவில் சாவு என்றால் விடுப்பு உண்டு. தூரம் அதிகமென்றால் பயணத்துக்குத் தனியாகக் கூடுதல் நாள் உண்டு. கல்யாணத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. செத்தவர்கள் மட்டும்தான் தொலைவில் இருப்பார்கள் என்று விதியை எழுதியவர் நினைத்திருக்க வேண்டும்.

மேலாளர் நல்ல மனிதர். உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் கேள்விகள் கேட்டார்.

"உன் தம்பியின் கல்யாணத்தில் உனக்கு என்ன பொறுப்பு?"

"ஒரு கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட வேண்டும்."

"அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நிமிடம்."

அவர் கணினியில் பயண நேரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பயண நேரத்தைப் பார்த்தார். "வேறு யாரும் அங்கே இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறாள், அதுதான் பிரச்சினை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சரக்கறைத் தணிக்கை, அன்று நான் இல்லாமல் முடியாது என்றார். இந்த நாட்டில் பதினெட்டு ஆண்டுகளில் நான் சேர்த்துவைத்திருக்கும் முக்கியத்துவம் அவ்வளவும் அந்த வெள்ளிக்கிழமையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலைப் பயணச்சீட்டு எடுத்தேன். கிழக்கே டொராண்டோ, அங்கிருந்து ஐரோப்பா, அங்கிருந்து சென்னை. திங்கள் விடியுமுன் இறங்கிவிடலாம். முகூர்த்தத்துக்கு முன்பு குளித்துப் பட்டுப் புடவை கட்டிக்கொள்ளவும் நேரம் இருந்தது.

4

அந்த வாரம் அம்மாவை அழைத்து விவரம் சொன்னேன். என் மகள் இனியாவும் பக்கத்தில் இருந்தாள். இருபது வயது, இரண்டு வயதில் இங்கே வந்தவள். அவள் தமிழில் பாதிச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும். காஞ்சிபுரத்துச் சொல்லாக அவளிடம் மிச்சமிருப்பது ஒன்றுதான், என் அம்மாவை ஆயா என்று கூப்பிடுவது.

அம்மா நாட்காட்டித் தாளைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. ஒவ்வொரு நாளுக்கும் எந்தத் திசையில் சூலம், அதாவது எந்தப் பக்கமாகப் பயணம் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும்.

"சனிக்கிழமை கிழக்குல சூலம் இருக்குது. நீ எந்தப் பக்கமா வர?"

"கிழக்கால போய்த்தான்மா வரேன்."

"மேக்கால இருக்கறவ மேக்கேர்ந்து கிழக்கால வர்ற. அப்ப சனியும் ஆவாது, திங்களும் ஆவாது."

இனியாவுக்கு இது பிடித்துப்போனது. பள்ளிக் காலத்துப் பூமி உருண்டையை எடுத்துவந்தாள். என் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, ஒரு முனையைச் சென்னையிலும் மறு முனையை வின்னிபெக்கிலும் வைத்து இழுத்துப் பிடித்தாள். நூல் வழுக்கிக்கொண்டு போய் நேராக வட துருவத்தின் மேல் உட்கார்ந்தது.

"ஆயா, ஆக்சுவலா நாங்க உங்களுக்கு ஈஸ்ட்டும் இல்ல, வெஸ்ட்டும் இல்ல. ஸ்ட்ரெயிட்டா நார்த்."

"வடக்கா?" நாட்காட்டித் தாள் மறுபடி புரண்டது. "அப்ப செவ்வாயும் புதனும் போச்சு."

"பட் ஆயா, துருவம் தாண்டினதும் சவுத் பாத்து இறங்கணும்."

"தெக்காலயா? வியாழனும் போச்சு."

"இனியா, உருண்டைய உள்ள வை," என்றேன்.

மிச்சம் இருந்தவை ஞாயிறும் வெள்ளியும். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டால் கல்யாணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வேன். வெள்ளிக்கிழமை தணிக்கை. அம்மாவுக்கு விளக்கினேன்.

"நாட்காட்டியிலயே பரிகாரம் போட்டிருக்கும்ல? சனிக்கிழமைக்கு என்னா?"

"தயிரு."

"அப்ப தயிர் சாப்புட்டுட்டு ஏறிடறேன்."

"அது பஸ் ஏறி வாலாஜாபாத் போறவங்களுக்குமா. நீ வர்ற தூரத்துக்கு தயிரு தாங்காது."

தாங்கக்கூடிய வழி ஒன்றை அம்மாவே கண்டுபிடித்தாள். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள், அன்றைக்குப் பயணப் பெட்டியை மட்டும் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் வைப்பது என்று அதற்குப் பெயர். பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் ஆள் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற போக்கில் பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சின்ன வயதில் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். திருத்தணிக்குப் போவதற்குக்கூட வைப்பார்கள்.

"வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல வெச்சுடு. ஆனா சும்மா நாலு துணிய வெச்சுட்டு பரஸ்தானம்னு சொல்லிக்கினு இருக்காத. உனுக்கு எது இல்லாம வர முடியாதோ, அத வெய்யி. அப்பத்தான் நீ கெளம்புன மாரி."

என்னைப் போன்ற ஒழுங்குக்காரியிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எது இல்லாமல் என்னால் வர முடியாது என்று உட்கார்ந்து யோசித்தேன். பாஸ்போர்ட்டும் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டையும். இரண்டையும் ஓர் உறையில் போட்டுப் பெட்டியின் உள்பையில் வைத்துப் பூட்டினேன்.

உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பயணத்திலும் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்கிறேன். அது காப்பாற்றுமா என்று இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

5

அடுத்த வீடு தெரசிட்டாவுடையது. பிலிப்பைன்ஸ்காரர், அறுபது வயது, முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. வெள்ளிக்கிழமை மாலை பெட்டியை உருட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் சாப்பாட்டின் நடுவே யாராவது பயணம் புறப்பட்டால், மற்றவர்கள் உடனே தங்கள் தட்டைத் திருப்பி வைப்பார்களாம். போகிறவருக்கு ஆபத்து வராமல் இருக்க. "எங்கே பார்த்து வைக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். கிழக்கே பார்த்து வைத்தோம். காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னேன். "நான் எப்போதும் ஐந்துக்கே எழுந்துவிடுவேன்" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனோம். மணியை அழுத்தினோம். கதவைத் தட்டினோம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. இனியா அவருடைய கைபேசிக்கு அழைத்தாள். வீட்டுக்குள் அது ஒலிப்பது வெளியே நன்றாகக் கேட்டது. அவருடைய வண்டி மட்டும் இல்லை.

என் கணவர் வடக்கே ஒரு சுரங்க ஊரில் வேலையில் இருக்கிறார், இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. அது அங்கே இருக்கும் வாரம். ஆகவே முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள் இருவர்தான்.

"அம்மா, ஜன்னல பிரேக் பண்ணலாமா?"

"போலீஸ் வருவாங்க."

"வரட்டும். அவங்களே உன்ன ஏர்போர்ட்ல டிராப் பண்ணுவாங்க."

நான் கதவில் சாய்ந்து நின்றேன். ஜன்னல் வழியாகப் பெட்டி தெரிந்தது. கிழக்கே பார்த்து நின்றது. அம்மாவின் கணக்குப்படி நான் நேற்றே புறப்பட்டுவிட்டேன்.

தெரசிட்டா எட்டு மணிக்கு வந்தார். முதியோர் இல்லத்தில் யாரோ வேலைக்கு வரவில்லை என்று இரவில் அழைத்திருக்கிறார்கள். அவசரத்தில் கைபேசியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாராம். எங்களைப் பார்த்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். அவர் பூட்ஸோடு தன் வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

விமான நிலையத்தில் முகப்பில் இருந்த பெண் மிக இனிமையாகச் சொன்னாள்: அந்த விமானத்துக்கான கதவு மூடிவிட்டது. கிழக்கே போகும் அடுத்த விமானங்களில் நாளை வரை இடமில்லை. நாளை என்றால் கல்யாணம் இல்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மறுபடி தட்டித் தேடினாள்.

"மேற்கே போகச் சம்மதமா? மதியம் வான்கூவர், பிறகு டோக்கியோ, சிங்கப்பூர், சென்னை. திங்கள் காலை ஏழரைக்கு இறங்கலாம்."

அம்மாவை அழைத்துச் சொன்னேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"மேக்காலயா?" அம்மாவின் குரலில் பிரகாசம் கேட்டது. "சனிக்கிழமைல மேக்கால தாராளமா வரலாம்மா! பாத்தியா, அந்தப் பெட்டிதான் உன்ன நிறுத்தி வழிய மாத்தி வுட்டுக்குது."

"அம்மா, நேரம் போய்க்கினு இருக்குது. ஏழரைக்கு எறங்கி எப்படிம்மா?"

"எறங்குனா வந்துடுவ. மெட்ராஸ்லேர்ந்து காஞ்சிபுரம் ஒரு தூரமா?"

கோமதி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "ஜாக்கெட் வந்துடுச்சு பெரிம்மா, அளவு கரெக்டா இருக்குது" என்ற குரல் கேட்டது.

6

பசிபிக் கடலின் மேல் சனிக்கிழமை பிற்பகலில் கண்ணை மூடினேன், திறந்தபோது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எழுத எதுவும் இல்லை.

சென்னையில் குடியேற்ற அதிகாரி அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"தம்பி கல்யாணம்."

"என்னைக்கு?"

"இப்ப."

வேகமாக முத்திரை குத்தினார். அந்த முப்பத்து சொச்சம் மணி நேரத்தில் எனக்காக யாராவது அவசரப்பட்டது அதுதான் முதல் தடவை.

சிவா கார் அனுப்பியிருந்தான். நாங்கள் கிளம்பும்போது எட்டரை. ஓட்டுநர் நம்பிக்கையாக இருந்தார். ஸ்ரீபெரும்புதூர் வரை அந்த நம்பிக்கை நீடித்தது. அதன் பிறகு தொழிற்சாலைப் பேருந்துகளும் கண்டெய்னர் லாரிகளும் முன்னால் சுவர் கட்டின. அதைத் தாண்டி ஊருக்குள் நுழைகிற இடத்தில், தை முகூர்த்தத்துக்குப் பட்டு வாங்க வந்த வேன்கள் நின்றுகொண்டிருந்தன. ஆந்திரப் பதிவெண், கர்நாடகப் பதிவெண், எங்கெங்கிருந்தோ. யார் யார் கல்யாணத்துக்கோ புடவை எடுக்க வந்தவர்களுக்குப் பின்னால், என் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

இனியா அழைத்தாள். அங்கே ஞாயிறு இரவு. மண்டபத்திலிருந்து கல்யாணத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, எங்க இருக்க?"

"ஊருக்குள்ள வந்துட்டேன். வண்டி நகரல. அங்க என்ன நடக்குது?"

"ஐயர் தாலிய எல்லார்கிட்டயும் காட்டிட்டு வராங்க. ஆயா அழறாங்க. இல்ல, புகை. வெயிட்... மாமா கைல குடுத்துட்டாங்க."

மேளம் உச்சத்துக்குப் போவது அவள் போன் வழியாக எனக்குக் கேட்டது. காஞ்சிபுரத்துக் கெட்டிமேளத்தை நான் கேட்டது வின்னிபெக் வழியாக.

"எல்லாரும் ரைஸ் த்ரோ பண்றாங்க. ஒண்ணு கட்டிட்டார்மா. ஒரு நாட் ஆச்சு."

முன்னால் நின்ற வேன்களை எண்ணினேன்.

"ரெட் சாரி ஆன்ட்டி பின்னாடி வராங்க."

கோமதி. வேறு யார்?

"அம்மா! பிரைடு கைய பின்னாடி கொண்டு போறாங்க. அந்தக் கயித்த புடிச்சுக்கிட்டாங்க. விட மாட்டேங்கறாங்க!"

"என்ன சொல்றா?"

"கேக்கல, ஒரே டிரம்ஸ். ஐயர் வாட்ச காட்டறாங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. ரெட் சாரி ஆன்ட்டி சிரிக்கல."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பாப்பா எங்கேர்ந்துக்கா பேசுது?"

"கனடாலேர்ந்து."

"அங்கேர்ந்து தாலி தெரியுது. நமக்கு மண்டபமே தெரியல." வண்டியை ஓரமாகத் திருப்பினார். "அக்கா, பெட்டிய நான் எடுத்தாரேன். நீங்க எறங்கி இந்தச் சந்துல பூந்து ஓடுங்க. நேரா மண்டபத்துப் பின்வாசல்."

7

பின்வாசல் என்பது சமையற்கட்டு. ஜீன்சும் பனிக்கால பூட்சுமாக உள்ளே நுழைந்த பெண்ணைப் பார்த்து, சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர் கரண்டியை நீட்டி, "இந்தாம்மா, பந்தி அந்தப் பக்கம்" என்றார். "நான் நாத்தனார்" என்றேன். அவர் கரண்டியோடு திரும்பி மண்டபத்தை நோக்கிக் கத்தினார்: "யோவ், வழி வுடுங்கய்யா! நாத்தனாரு வந்துக்கினு இருக்காங்க!"

மேடைக்குக் கீழே பூட்ஸின் நாடாவை அவிழ்க்க விரல் வரவில்லை. நாற்காலியில் இருந்த யாரோ ஒரு பெரியவர் குனிந்து அவிழ்த்துவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது.

மேடையில் நடந்ததைச் சிவா பிற்பாடு சொன்னான். கோமதி கை வைக்கப் போனபோது தேன்மொழி, "நேரம் மொத முடிச்சுக்குத்தான் பாத்தீங்க. அது ஆயிடுச்சு. மீதி ரெண்டும் அண்ணி வரட்டும்" என்றிருக்கிறாள். "எமகண்டம் வந்துடும்மா" என்று ஐயர் கடிகாரத்தைக் காட்டியிருக்கிறார். "வரட்டும் சாமி. கல்யாணத்துக்கு யார் வந்தாலும் உக்கார வைக்கணும்" என்றிருக்கிறாள். அதன் பிறகு ஐயர் கடிகாரம் கட்டிய கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டாராம். பெரியவர்கள் இரண்டு முறை சமாதானம் பேசியிருக்கிறார்கள். ஒரு முறை யாரோ, "அண்ணி வந்துட்டாங்க, கைய எடு" என்று ஏமாற்றிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் மேடையேறும்போது அவர் தோள் சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

தேன்மொழியை நான் நேரில் முதல்முதலாகப் பார்த்தது பின்னாலிருந்துதான். மாலை, பூச்சடை, அதற்கு நடுவே கழுத்துக்குப் பின்னால் மடங்கி வந்த ஒரு கை. மஞ்சள் கயிற்றின் இரண்டு முனைகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பிடித்திருந்தாள். அழுத்தியதில் நகத்தைச் சுற்றி ரத்தமின்றி வெளுத்திருந்தது. அவள் முன்னால் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள், சிவா பார்த்தான். மேளக்காரர் என்னைப் பார்த்துத் தாமாகவே அடியைத் தணித்தார்.

நான் குனிந்து அவள் விரலைத் தொட்டேன். விரல் இன்னும் இறுகியது.

"யாரு?"

"நான்தான்."

குளிரிலும் தூக்கமின்மையிலும் என் தொண்டை கட்டியிருந்தது. அது எனக்கே என் குரலாகத் தெரியவில்லை.

"நான்தான்னா? பேரு?"

"மல்லிகா."

"எங்கேர்ந்து வரீங்க?"

கூட்டத்தில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விசாரணைதான் அது.

"வின்னிபெக்."

"அப்ப நீங்கதான் அண்ணி," என்றாள். விரல்களை விட்டாள்.

கயிறு வியர்வையில் ஈரமாக இருந்தது. மாலை வந்து மறைத்தது. அப்போது சிவப்புப் பட்டு ஜாக்கெட் போட்ட ஒரு கை குறுக்கே நீண்டு மாலையையும் சடையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தது. கோமதி. என் முகத்தைப் பார்க்காமல், கழுத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உன் தம்பி போட்டது லூசா இருக்குது. மொதல்ல அத இழுத்து வுடு."

தம்பியின் முடிச்சை இழுத்து இறுக்கினேன். கோமதி அதை நழுவாமல் பிடித்துக்கொண்டாள். நான் என்னுடைய இரண்டையும் போட்டேன்.